மணிக்குக் குளிர்கிறது

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளரில் காபி ஊற்றினேன். அடுப்பை அணைத்தேன். செய்தித்தாள் எடுக்க வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்பை இன்னொரு முறை பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

அத்தை எழுந்து வந்து ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை போட மறந்துட்டீங்க, மாப்பிள்ளை."

"போட்டேன்."

"அப்ப கலக்க மறந்துட்டீங்க."

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. காரியம் முடிந்ததும் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். அத்தை போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் துப்பறியும் நிறுவனத்தில் என்னைத் தவிர இருக்கும் ஒரே ஊழியர். சம்பளம் கிடையாது. ஆகவே வாயை அடக்கச் சொல்லவும் வழி கிடையாது.

"இன்னிக்கு எங்க?"

"சபைக்கு."

"எந்தக் கோமாளிங்க சபை?"

"தேசிய சபை."

"அதைத்தான் கேட்டேன்."

வழக்கு நேற்று மாலை வந்தது. கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து போய், மாடிப்படியை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். அவர் மனைவி சபையில் மேசை கிளார்க். சபாநாயகர் நாற்காலிக்குக் கீழே, நீண்ட மேசையில், கறுப்புக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்மணி. டிவியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். மனுக்கள் பிரிவு, அச்சுப் பிரிவு, ஆவண அறை என்று ஊர்ந்து ஊர்ந்து முப்பது வருடத்தில் அந்த மேசைக்கு வந்தார். விதி தெரியாத சபாநாயகருக்கு விதியையும், பெயர் தெரியாத சபாநாயகருக்கு உறுப்பினர் பெயரையும் காதில் சொல்வது அவர் வேலை. இரண்டும் தெரிந்த சபாநாயகர் இதுவரை வந்ததில்லை. வாக்கெடுப்பு என்று அறிவித்தவுடன் அவர் தன் மேசையில் உள்ள சுவிட்சுகளைப் போடுவார். கட்டடம் முழுக்க மணி அடிக்கும். கேன்டீனிலும் கழிப்பறையிலும் கிடக்கிற உறுப்பினர்கள் ஓடி வருவார்கள். மணி நின்றதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் ஓட்டு. அந்த மணியால் அவருக்கு மணியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

போன மாதம் அரசு ஆஸ்பத்திரி நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் மசோதா ஒரே ஓட்டில் தோற்றது. ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார். பட்ஜெட் உரையின்போது அவர் வாய் பிளந்து கொட்டாவி விட்டதை நாடே டிவியில் பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து அத்தைக்கு அவர் கொட்டாவி.

கொட்டாவி சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். "நான் நூலகத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அங்கே மணி அடிக்கவில்லை."

நூலகப் பக்கத்துக்கு என்று தனி சுவிட்ச் இருக்கிறது. அதை மணியக்கா போடவில்லை என்பது குற்றச்சாட்டு. அவருக்குக் கீழே இருக்கும் துணைக் கிளார்க் வந்து ஒரு வாக்கியம் சேர்த்தார். "'மறந்துட்டேன்'னு அவங்களே என்கிட்ட சொன்னாங்க."

அது உண்மையென்று முடிவானால் வாக்கெடுப்பு செல்லாது. மறுபடி ஓட்டு நடக்கும், இந்த முறை கொட்டாவி உள்ளே இருப்பார், ஆஸ்பத்திரி நிலம் போகும். மணியக்காவுக்கு வேலை போகும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி. விசாரணைக் குழு இன்று மூன்று மணிக்குத் தீர்ப்புச் சொல்கிறது. ஊழியர் தன் சார்பில் பேச ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருக்கிறது. அந்த ஒருவர் நான்.

"உண்மையிலயே மறந்திருப்பாங்களோ?" என்றார் அத்தை.

"அவங்க சொன்னதா இவன் சொல்றான். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அம்மாவைப் பாத்துக்கோங்கன்னுதான் கடைசியா சொன்னா" என்று என் மனைவியைப் பற்றிச் சொன்னவர் அவர். ஆம்புலன்ஸில் அவள் கேட்டது, "அடுப்பை அணைச்சிட்டீங்களா?" நான் திருத்தவில்லை. பேச முடியாதவர் வாயில் வார்த்தையைத் திணிப்பது சுலபம். வேலை போகப்போகிறவர் வாயில் இன்னும் சுலபம்.

சபைக் கட்டடத்துக்கு வெளியே பெரிய தூண்கள். தூண்களைப் பார்த்தால் மரியாதை வருகிறது. உள்ளே போனால் போய்விடுகிறது. கம்பளத்தில் டீக்கறை. சுவரெல்லாம் இறந்துபோன தலைவர்களின் எண்ணெய் ஓவியங்கள். எல்லோரும் ஒரே ஓவியனுக்குச் சொந்தக்காரர்கள் போல ஒரே மூக்கோடு இருந்தார்கள்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் மணியக்கா கறுப்புக் கோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன.

"மறந்துட்டேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தார்.

"அதை விசாரணையில சொல்லலாமே?"

"என்னைக் கேக்கலைங்களே."

"யாரு?"

"குழுவுல ஒன்பது பேர். நாலு தடவை கூடினாங்க. எதிர்லயேதான் உக்காந்திருந்தேன். என்னை யாரும் ஒண்ணும் கேக்கல."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கேக்காட்டி என்ன? எழுந்து ஒரு சத்தம் போட வேண்டியதுதானே!"

"கேட்டாத்தாங்க கிளார்க் பேசணும். வேலைக்குச் சேர்ந்தப்ப முதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதான்."

"எனக்கும்தான் முதல் நாளே ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அதுக்காக?"

மணியக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"நூலகம் எந்தப் பக்கம்?" என்றேன்.

முதல் முறையாக என்னை முழுசாகப் பார்த்தார். "கடைசி வராந்தா, வலது பக்கம். பத்து மணிக்குள்ள போங்க. தினமும் பத்து மணிக்கு மணியைச் சோதிச்சுப் பாப்பாங்க."

கேட்டதற்குப் பதில் வந்தது. அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

நூலகத்துக்கு இரட்டைக் கதவு. உள்ளே நுழைந்ததும் நூலகர் பதறி எழுந்து நின்றார்.

"வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்லீங்க. நூலகத்துக்குத்தான் வந்தோம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நாங்கள் இன்னும் இருந்தோம்.

நீண்ட மேசைகள். தோல் தைத்த நாற்காலிகள். அத்தை ஒரு நாற்காலியில் விரலால் கோடு இழுத்தார். தூசியில் கோடு தெளிவாக விழுந்தது. பத்து மணி ஆயிற்று. காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை.

"மணி ரிப்பேரா?" என்றார் அத்தை.

நூலகர் கதவுக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அதுதாங்க மணி. நூலகத்துல சத்தம் கூடாதுன்னு கட்டும்போதே விளக்கு வச்சிட்டாங்க. அது எரிஞ்சா ஓட்டெடுப்புன்னு அர்த்தம்."

"இங்க எப்பவாவது மணி இருந்ததுண்டா?"

"என்னிக்கும் இல்லீங்க."

"அந்த மசோதா ஓட்டெடுப்பு அன்னிக்கு விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதே. நான் இங்கதான் இருந்தேன். நான் மட்டும்தான் இருந்தேன்."

"இங்க மணி கிடையாதுன்னு உறுப்பினர்களுக்குத் தெரியுமா?"

"வர்றவங்களுக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "அதாவது, தெரியாதுங்க."

"உங்களை விசாரிச்சாங்களா?"

"நூலகத்துக்குன்னு ஒரு ஆள் இருப்பான்னு அவங்களுக்குத் தோணியிருக்காது."

வெளியே வந்ததும் அத்தை சொன்னார். "பொய் சொல்றவன் இந்த இடத்தை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கலையே மாப்பிள்ளை, இவனா நாட்டுக்கு உழைக்கப்போறான்?"

"வாழ்நாள்ல ஒரு தடவை நூலகத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டிருக்கார். பொய்யிலயாவது."

"சரி, அப்ப எங்கதான் இருந்தான்?"

சபை மண்டபத்துக் கதவுக்காரர் சீருடையில், பித்தளைச் சாவியோடு நின்றிருந்தார். அன்று பூட்டியவர் அவர்தான்.

"பூட்டினதுமே வந்து இடிச்சாருங்க. கண்ணாடி வழியா பார்த்தேன். தலையெல்லாம் கலைஞ்சு கெடந்தது. இந்தக் கன்னம் பூரா கட்டம் கட்டமா வரி. முறத்துல மூஞ்சியை வச்சு எடுத்த மாதிரி."

நூலக நாற்காலியின் தோல் கன்னத்தில் கட்டம் போடாது. "பிரம்புப் பின்னல்," என்றேன். "இந்தக் கட்டடத்துல பிரம்புச் சாமான் எங்க இருக்கு?"

"எல்லாத்தையும் மாத்திட்டாங்க. துணைக் கிளார்க் ரூம்ல மட்டும் ஒரு பழைய சோபா இருக்கு. மாத்த விடமாட்டேங்கறார்."

"இதையெல்லாம் விசாரணையில சொன்னீங்களா?"

"கேக்கலையே."

அத்தை என்னைப் பார்த்தார். "இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் ஒரே சீக்கு."

துணைக் கிளார்க்கின் அறைக் கதவுக்கு உள்பக்கம் மெத்தை தைத்திருந்தது. சாத்தியதும் வராந்தாச் சத்தம் பட்டென்று நின்றது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். வாசனை போட்டிருந்தார். சிரிப்பும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. சுவரோரம் பிரம்பு சோபா. அதன் ஒரு முனையில் தலையணை. சோபாவுக்கு நேர் மேலே, சுவரில், கிண்ணம் கவிழ்த்த மாதிரி மணி.

"அவங்க மறந்துட்டேன்னு சொன்னப்போ பக்கத்துல வேற யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லை. மனசு விட்டு என்கிட்ட மட்டும் சொன்னாங்க. பாவம், வயசாயிடுச்சு. நல்லவங்கதான். நானே அவங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவன்."

"எதைக் கத்துக்கிட்டீங்க?" என்றார் அத்தை.

அவர் பதில் சொல்வதற்குள் பதினொரு மணி ஆயிற்று. சபை கூடுகிற நேரம். கட்டடம் முழுக்க மணி அடித்திருக்க வேண்டும். அந்த அறையில் பாட்டிலுக்குள் அடைத்த வண்டு போல ஒரு முனகல் மட்டும் கேட்டது.

"என்னது அது?" என்றார் அத்தை.

"போனா இருக்கும்."

"தம்பி, முப்பது வருஷம் போனோட குடும்பம் நடத்தினவ நான். போன் இப்படி முனகாது." செருப்பைக் கழற்றிவிட்டு அத்தை சோபா மேல் ஏறினார்.

"அம்மா, அம்மா, அது ரொம்பப் பழைய சோபா!"

"நானும் பழசுதான். ஒண்ணை ஒண்ணு தாங்கும்."

மணிக்குள் கையை விட்டு இழுத்தார். கறுப்பு சாக்ஸ் ஒன்று வந்தது. அடுத்த நொடி மணி அறையே அதிரும்படி அலறியது. துணைக் கிளார்க் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பழக்கமில்லாத சத்தம்.

மணி நின்றது. அத்தை இறங்கி மேசைக்கு வந்து போனைத் தூக்கிப் பார்த்தார். அடியில் அந்த சாக்ஸின் ஜோடி சுற்றியிருந்தது.

"ஒண்ணு போனுக்கு, ஒண்ணு மணிக்கு. ஏன் தம்பி, மணிக்குக் குளிருதுன்னு போட்டீங்களா?"

துணைக் கிளார்க்கின் சிரிப்பில் மடிப்பு விழுந்தது. "உறுப்பினர்கள் பாவம், களைச்சுப் போய் வருவாங்க. கொஞ்ச நேரம் கண்ணை மூடட்டுமேன்னுதான்..." என்று ஆரம்பித்து, யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. கொட்டாவி தூங்கியது இங்கே. அதைச் சொன்னால் துணைக் கிளார்க்கின் கடை சாத்தப்படும். ஆகவே இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கௌரவமான இடம் தேடியிருக்கிறார்கள். கொட்டாவி கால் வைக்காத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பழியை மணியக்கா தலையில் கட்டினால் அவர் நாற்காலியும் துணைக் கிளார்க்குக்குக் கிடைக்கும்.

மூன்று மணி. விசாரணை அறையில் ஒன்பது உறுப்பினர்கள் ஒன்பது தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை துணை சபாநாயகர். அவருக்கு வலது பக்கம் ஆளும் கட்சியின் கொறடா, கட்சிக்காரர்களை ஓட்டுக்கு மேய்த்துக் கொண்டுவருவது அவர் தொழில். ஓரத்தில் கொட்டாவி. சின்ன மேசையில் குறிப்பெழுதத் துணைக் கிளார்க். எதிரே மணியக்கா.

"ஒருத்தருக்குத்தான் அனுமதி," என்றார் துணை சபாநாயகர். "இந்த அம்மா யாரு?"

"சாட்சிப் பொருளைத் தூக்கிட்டு வந்தவங்க."

நூலகத்தில் மணியே கிடையாது என்றேன். அறை அசையவில்லை. விளக்கு என்றேன். ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூலகரை உள்ளே கூப்பிட்டார்கள். அன்று விளக்கு எரிந்ததா என்று கேட்டார்கள். எரிந்தது என்றார். அங்கே யாராவது இருந்தார்களா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போகச் சொன்னார்கள். போனார்.

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கொட்டாவி உண்மையில் எங்கே இருந்தார் என்று நிரூபிக்கும் ஆசை வந்துவிட்டது. அத்தைக்குக் கண் காட்டினேன். சாக்ஸை எடுத்து மேசை நடுவில் வைத்தார். எங்கிருந்து எடுத்தது என்று சொன்னேன். கன்னத்துக் கட்டத்தையும் சொன்னேன்.

கொறடா துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! இவரே சொல்லிட்டார். உறுப்பினர் இருந்த இடத்துல மணி கேக்கல! எந்த ரூமா இருந்தா என்ன? மணி கேக்கலைன்னா ஓட்டெடுப்பு செல்லாது, மணிக்குப் பொறுப்பு கிளார்க்!"

கொட்டாவி முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதைத்தான் நானும் முதல்லேர்ந்து சொல்றேன்!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். மணியக்காவின் வேலை, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி நிலம் எல்லாம் அந்த சாக்ஸோடு மேசைமேல் கிடந்தன.

துணை சபாநாயகர் முழித்தார்.

கேட்டால்தான் கிளார்க் பேசலாம். ஆனால் தலைமையில் இருப்பவர் முழித்தால் காதில் சொல்வது கிளார்க்கின் வேலை. மணியக்கா எழுந்தார். மேசையைச் சுற்றி நடந்து துணை சபாநாயகரின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். ஒருவரும் தடுக்கவில்லை. வருடக்கணக்காகப் பார்த்த காட்சி, யாருக்கும் உறைக்கவில்லை. துணை சபாநாயகரின் தலை தானாக அவர் பக்கம் சாய்ந்தது.

"உறுப்பினர்," என்றார் துணை சபாநாயகர், காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்து, "நூலகத்தில் இருந்ததாகச் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அது பொய்யா?"

கொட்டாவி வாயைத் திறந்தார். வழக்கமான காரணத்துக்காக அல்ல.

தலை மறுபடி சாய்ந்தது. "பொய் வாக்குமூலம் கொடுத்தவர் உறுப்பினர் பதவியை இழப்பார். அதற்கும் விதி இருக்கிறது."

கொட்டாவி கொறடாவைப் பார்த்தார். கொறடா மின்விசிறியைப் பார்த்தார்.

"நூலகத்துலதான் இருந்தேன்," என்றார் கொட்டாவி.

"விளக்கு எரிந்தபோது?"

"படிப்புல மூழ்கிட்டேன்."

"என்ன புத்தகம்?"

"நீல அட்டை போட்டது."

"தலையணை உறைகூட நீலம்தான்," என்றார் அத்தை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அறைக்கே கேட்டது.

துணை சபாநாயகர் இன்னொரு முறை சாய்ந்து, நிமிர்ந்து, தீர்ப்புச் சொன்னார். விளக்கு எரிந்தது. பார்க்காதது உறுப்பினர் பாடு. வாக்கெடுப்பு செல்லும். கிளார்க் மேல் தவறு இல்லை. சாக்ஸ் விஷயம் தனியாக ஆராயப்படும். தனியாக ஆராயப்படும் என்றால் என்னவென்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். துணைக் கிளார்க் நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

குற்றம் சாட்டப்பட்டவரே தன் தீர்ப்பைச் சொல்லிக் கொடுத்தார் என்பது துணை சபாநாயகருக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. காது சிவந்தது. மணியக்கா அதற்குள் தன் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார்.

"ஏம்மா," என்றார் துணை சபாநாயகர், குரலில் எரிச்சலோடு. "நூலகத்துல மணி கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தா எங்க எல்லாருக்கும் நேரம் மிச்சமாகியிருக்குமே. ஏன் சொல்லல?"

நான்கு அமர்வு முடிந்து, ஐந்தாவதில், அவரிடம் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார்கள்.

மணியக்கா எழுந்து நின்றார். கோட்டின் முன்பக்கத்தை நேராக்கினார். காதோடு பேசியே பழகிய குரல், இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்பது பேரும் பாட்டில்களை விட்டு அவரைப் பார்த்தார்கள்.

அச்சான நடவடிக்கைக் குறிப்பில் கடைசி வரி, "கிளார்க் குழுவுக்கு நன்றி தெரிவித்தார்" என்று இருக்கிறது. துணைக் கிளார்க் எழுதியது. நான் அங்கே இருந்தேன், அத்தையும் இருந்தார். அவர் நன்றி சொல்லவில்லை. சொன்னது இது.

"நீங்க கேக்கலைங்க. அதோட, ஒன்பது பேர் இருக்கீங்க, ஒருத்தராவது நூலகத்துக்குள்ள போயிருப்பீங்கன்னு நினைச்சேன்."